வில்லின் முதுகுக்கு எதை ஒட்டுவது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆஷ் மரப் பலகையில் 68 அங்குல வில் செய்தேன். இழுவிசை 35 பவுண்ட். வளைவைச் சீராக்கும்போதே கீழ்க்கையின் (கைப்பிடிக்குக் கீழே வளையும் பாதியின்) முதுகில் ஒரு சிராய் எழும்பிவிட்டது. தோல் ஒட்டலாமா, லினன் (ஆளிச்செடி நார்) ஒட்டலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: முதலில் சிராய் ஏன் எழும்பியது என்று பாருங்கள். வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் முதுகு நீள்கிறது, நம்மைப் பார்க்கும் வயிறு அமுங்குகிறது. இழை நேராக ஓடும் நல்ல மரம் அமுக்கத்தைவிட இழுப்பை நன்றாகவே தாங்கும். அப்படியிருந்தும் முதுகு பிளக்கிறதென்றால் பெரும்பாலும் இழையோட்டத்தில்தான் கோளாறு.

பலகையின் பக்கவாட்டிலும் முதுகிலும் தெரியும் இழைக்கோடுகளைப் பென்சிலால் தொடர்ந்து செல்லுங்கள். கைப்பிடியிலிருந்து நுனிவரை ஓடினால் சரி. நுனிக்கு அருகே ஒன்றிரண்டு கோடுகள் ஓரத்தில் வெளியேறினாலும் பரவாயில்லை. கையின் நடுவிலேயே கோடு வெளியேறினால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். முகத்துக்கு நேரே முறியக்கூடிய வில்லைத் துணி ஒட்டிக் காப்பாற்ற முயல வேண்டாம்.

பலகை தேறியது, சிராயும் மேலோட்டமானது என்றால், உங்களுக்கு லினன்தான் எங்கள் தேர்வு. காரணம் நீட்சி. நன்றாக வளையும் மரவில்லின் முதுகு ஏறத்தாழ 1 சதவீதம் நீள்கிறது. லினன் நூல் 2–3 சதவீதத்திலேயே அறுந்துவிடும். குறையாகத் தோன்றும் இந்த விறைப்புதான் இங்கே பலம்: மரம் சற்றே நீளும்போதே நூல் சுமையில் பங்கெடுத்துவிடும். பச்சைத்தோல் (பதனிடாத தோல்) வெகுவாக நீளக்கூடியது என்பதால் சுமை அதற்குப் போவதே இல்லை. சிராய் எழும்பாமல் அமுக்கிப் பிடிக்கும், கீறலிலிருந்து காக்கும், அவ்வளவுதான்.

லினனைத் துணியாக ஒட்டுவதைவிட நூலாக ஒட்டுங்கள். நெய்த துணியில் இழைகள் மேலும் கீழும் வளைந்து ஓடும்; அந்த நெளிவு நிமிர்ந்த பிறகுதான் சுமை ஏறும். முதுகை 80ஆம் எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். மரப்பசையை (தச்சு வேலையில் மரம் ஒட்டும் பசை) மெல்லப் பூசி, நூல்களை இடைவெளியில்லாமல் நீளவாக்கில் படியவைத்து, பசை ஊறிய விரலால் நடுவிலிருந்து நுனிக்கு வழித்துவிடுங்கள். ஒரு வாரம் காயட்டும். அதன்பின் வில் சற்று விறைப்பாகியிருக்கும். வயிற்றுப்பக்கம் சீவி வளைவை மறுபடி சரிபார்க்காமல் முழு இழுப்புக்குப் போகாதீர்கள்.

தோல்தான் வேண்டும் என்றால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய, முடி நீக்கிய, பதனிடாத ஆட்டுத்தோலாகப் பாருங்கள். தோல்கருவி கட்டுபவர்களிடம் கேட்கலாம். வெந்நீரில் ஊறவைத்தால் தோல் சுருங்கிக் கெட்டுவிடும். சாதாரணத் தண்ணீரே போதும். ஈரத்தோலில் எபாக்ஸி பிடிக்காது, மரப்பசையோ வச்சிரமோதான் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) பயன்படுத்த வேண்டும். காயும்போது தோல் ஓரத்தில் தூக்கிக்கொள்ளும் என்பதால் அகலத்தை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, காடாத்துணி நாடாவால் இறுகச் சுற்றி, காய்ந்த பிறகு ஓரத்தைச் சீவுங்கள்.

கேள்வி: மாட்டின் கால்நரம்பு கிடைக்கிறது. சென்னையில் நரம்பு ஒட்டிய வில் நிற்குமா?
(வாசகர், சென்னை)

பதில்: நிற்கும், ஆனால் நிம்மதியாக நிற்காது. நரம்பு என்று இங்கே சொல்வது தசையை எலும்போடு இணைக்கும் நாரை. அது அறுபடாமல் மிக அதிகமாக நீளும். காயும்போது சுருங்கி, வில்லை எதிர்ப்பக்கம் வளைத்தும் கொடுக்கும். குட்டையான வில்லை நீள இழுப்பதற்கு இதைவிடச் சிறந்த பொருள் மரபில் இல்லை. ஆனால் நரம்பும் அதைப் பிடித்திருக்கும் வச்சிரமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் விசை குறையும், வில் தளரும். கொரியாவில் கொம்பும் நரம்பும் சேர்த்துச் செய்யும் வில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தே பராமரிக்கிறார்கள். கடலோரத்தில் உங்களுக்கும் அந்த ஏற்பாடு வேண்டியிருக்கும்.

வில் 60 அங்குலத்துக்கு மேல் என்றால் நரம்பு வேண்டாம். அது மரத்தைவிடக் கனமானது. நீண்ட கைகளில் அந்தக் கனம் வேகத்தைத் தின்றுவிடும். குட்டை வில்தான் என்றால், வச்சிரத்தை 60–65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காதீர்கள், பிடிமானம் போய்விடும். நரம்பில் கொழுப்பு மிச்சமிருந்தாலும் ஒட்டாது. இழைகளைச் செங்கல் வரிசைபோல் இணைப்புகள் மாறிமாறி வரும்படி அடுக்குங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அந்த நிலையில் நாணேற்றினால் செய்த உழைப்பெல்லாம் வீண். குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கேள்வி: மூங்கில் பட்டை ஒட்டினேன். முதுகு கல்போல் இருக்கிறது. வயிற்றில் மட்டும் குறுக்கே மெல்லிய மடிப்புக்கோடுகள் தெரிகின்றன. ஏன்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மூங்கிலின் வெளிப்புற நார் இழுப்பில் அபாரமாகத் தாங்கும். அது நீள மறுப்பதால் சுமை முழுவதும் வயிற்றில் இறங்குகிறது. அங்கே மரநார் நசுங்கியதன் அடையாளம்தான் அந்தக் கோடுகள். நசுங்கிய நார் மீளாது. பட்டை தடிப்பாக இருந்திருக்க வேண்டும், அல்லது வயிற்று மரம் மென்மையாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வில்லுக்குப் பட்டையின் நடுத்தடிப்பைக் கைப்பிடியருகே 3 மில்லிமீட்டர், நுனியில் 2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். வயிற்றுக்கு அடர்த்தியான, அமுக்கம் தாங்கும் மரம் எடுங்கள். முதுகைக் குறுகலாகவும் வயிற்றை அகலமாகவும் இருக்கும்படி பக்கங்களைச் சாய்த்துச் சீவினால் இரண்டுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு குறையும். பருத்த மூங்கிலாகப் பாருங்கள். ஒல்லி மூங்கிலில் பட்டை கூரைபோல் உருண்டு நிற்கும், இழுப்பு முழுவதும் அந்த உச்சிக்கோட்டில் போய் விழும். வெளிப்பக்கம் மெழுகுத்தோலை மட்டும் சுரண்டுங்கள். கணுக்களைத் தட்டையாக்கினால் நார் அறுபடும், அந்த இடத்தில்தான் முறியும்.

கேள்வி: தேக்கு வில்லில் பழைய பட்டுப்புடவைத் துணியை ஒட்டலாமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: அழகுக்கும் சிராய்க் காப்புக்கும் ஒட்டலாம். பட்டு நிறைய நீளும் என்பதால் வலு சேர்க்காது. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள், அந்த மேட்டில் துணி படியாமல் உள்ளே காற்று நின்றுவிடும்.