கருவாட்டுத்தூள் இல்லாம மீன் வளருமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் அரை ஏக்கர் குளத்துல கட்லா, ரோகு, கொஞ்சம் திலாப்பியா விட்டிருக்கோமுங்க. கருவாட்டுத்தூள் வாங்கி கட்டுப்படியாகல. சோயாப் புண்ணாக்கு மட்டும் போட்டா போதுமுங்களா? பக்கத்து தோட்டத்துக்காரரு விரால் வளக்குறாரு, அவருக்கும் சேத்து சொல்லுங்க.

பதில்: உங்க மீனுக்கு தாராளமா மாத்தலாங்க. ஆந்திராவுல கொல்லேறு ஏரி பக்கம் சாக்குல சின்னச்சின்ன ஓட்ட போட்டு, எண்ணெய் எடுத்த தவிடும் கடலப்புண்ணாக்கும் ரொப்பி, மூங்கில் கழில கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிடுவாங்க, மீன் வந்து ஓட்ட வழியா இழுத்து இழுத்து தின்னும், ரோகுவும் கட்லாவும் அங்க வருஷக்கணக்கா இப்படித்தான் வளருது.

ஆனா சோயா மட்டும் போதாது. மீன்தூள்ல, அதான் நீங்க சொல்ற கருவாட்டுத்தூள்ல, புரதம் 60 சதவீதம் போல, சோயாவுல 45 போல, அப்ப அளவ கூட்டிட்டா சரியாப்போச்சேன்னு தோணும், ஆகாதுங்க, ஏன்னா புரதத்துல மீனுக்கு வேண்டிய மெத்தியோனின்ங்குற அமினோ அமிலம் சோயாவுல கம்மி. அது எள்ளுப் புண்ணாக்குல நல்லா இருக்கு, எள்ளுல கம்மியான லைசின்ங்குற இன்னொரு அமினோ அமிலம் சோயாவுல இருக்கு, அதனால ரெண்டையும் கலந்துதான் போடணும். இன்னொன்னு, இந்த புண்ணாக்குல இருக்குற பாஸ்பரஸ்ல பெரும்பங்கு மீனுக்கு செரிக்காம சாணியோட வெளிய வந்து தண்ணிய பச்சையாக்கிடும், அந்த பாஸ்பரஸ செரிக்க வெக்கிற பைட்டேஸ்ங்குற என்சைம தீவனத்துல கலந்தா அது குறையும். சோயா பயற வறுக்காம அரைச்சு போட்டுராதீங்க, பச்சையா இருந்தா புரதத்த செரிக்கவிடாது.

கடலப்புண்ணாக்கு வாங்குனா மூட்டைய கடையிலயே பிரிச்சு பாருங்க. மழைக்காலத்துல நான் ஒருக்கா பிரிக்காம தூக்கிட்டு வந்துட்டேன், வீட்டுல வந்து ஒடச்சா உள்ள பச்சப்பூசணம், மக்குன வாடை, அத்தனையும் குழி தோண்டி பொதச்சேன், மனசு கேக்கல. ஆனா அந்த பூசண விஷம் வேக வெச்சாலும் போகாது, மீனோட ஈரல கெடுத்துரும், காசு போனா போகுதுன்னு கொட்டிரணும்.

விரால் வேற ஜாதிங்க, கறி தின்னி. மீன்தூள முழுசா எடுத்துட்டா மோந்து பாத்துட்டு திரும்பிடும், தின்னாலும் எடை ஏறாது. அவர ஒரு பங்கு மட்டும் குறைக்கச் சொல்லுங்க, அதுவும் வாரக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமா. எந்த மீனா இருந்தாலும் குஞ்சுல மீன்தூள நிறுத்தாதீங்க.

மாத்துற வாரத்துல ஒரு தட்டுல தீவனம் வெச்சு குளத்துல எறக்கி, ரெண்டு மணி நேரங் கழிச்சு தூக்கிப் பாருங்க. மிச்சம் கெடந்தா மறுவேளைக்கு குறைச்சுக்கோங்க.