நாற்காலியை விட்டு எழுந்தால் மானிட்டர் கறுக்கிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். மேசைக் கணினியில் இரண்டு 27 அங்குல மானிட்டர்கள். இடப்பக்கத்தது எச்டிஎம்ஐ கேபிளில் ஓடுகிறது. வலப்பக்கத்தது டிஸ்பிளேபோர்ட்டில், 2560 × 1440, 144 ஹெர்ட்ஸ். ஒரு மாதமாக வலப்பக்கத் திரை மட்டும் திடீரென்று கறுத்து, இரண்டு மூன்று நொடியில் தானாகத் திரும்புகிறது. ஒரு நாளில் ஐந்தாறு முறை. நான் நாற்காலியை விட்டு எழும்போதுதான் நடக்கிறது என்கிறார் மனைவி. கடையில் கேட்டால் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி உங்கள் மனைவி சொன்னதுதான். கடைக்காரரிடம் அதைச் சொன்னீர்களா?

உங்களுடையது உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர் வைத்த நாற்காலியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து, ஒரு கணம் மின்காந்த அதிர்வு கிளம்பும். பக்கத்தில் தொங்கும் கேபிளின் உள்ளே வெளி அதிர்வைத் தடுக்கும் உலோக உறை சரியில்லை என்றால், அது ஆன்டெனா போல அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். சிக்னல் அறுபடும். கார்டும் மானிட்டரும் மறுபடி பேசி இணைய ஆகும் நேரம்தான் நீங்கள் பார்க்கும் இரண்டு மூன்று நொடி. கேட்க நம்ப முடியாததுபோல் இருந்தாலும், யுஎஸ்பி வழியாக மானிட்டர் இணைக்கும் சிப் செய்கிற டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் உதவிப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறது. ஃபெரைட் வளையம் உள்ள கேபிளுக்கு மாறச் சொல்வதும் அவர்கள்தான். கேபிள் முனைக்கு அருகே சிறு உருளைபோல் தடித்திருக்குமே, அதுதான் ஃபெரைட் வளையம்.

சோதிக்கக் காசு வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டே பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். பிறகு இரண்டு நாள் மர நாற்காலியிலோ சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியிலோ வேலை பாருங்கள். கறுப்பது நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. ஃபேன் சுவிட்சைத் தட்டும்போதும் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதும் நடக்கிறதா என்றும் கவனியுங்கள். இதே வகைக் கோளாறுதான் அதுவும். அப்படியானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நாற்காலி காரணம் இல்லையென்றால், இரண்டு கேபிள்களையும் மானிட்டர் பக்கம் மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது இடப்பக்கத் திரை கறுத்தால் கோளாறு டிஸ்பிளேபோர்ட் கேபிளிலோ, கார்டில் அது செருகியிருக்கும் போர்ட்டிலோ இருக்கிறது. கார்டில் வேறு டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். வலப்பக்கமே கறுத்தால் மானிட்டரைச் சந்தேகப்படலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

இன்னொரு சோதனை: விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை, 60 ஆகக் குறையுங்கள். உங்கள் திரைக்கு 144 ஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 14 கிகாபிட் தரவு போக வேண்டும். 60 ஹெர்ட்ஸில் அதில் பாதிகூட வேண்டாம். குறைத்ததும் கறுப்பது நின்றால், அந்தக் கேபிளால் சுமையைத் தாங்க முடியவில்லை என்று பொருள். நீளமான, மலிவான கேபிள்களில் இது அடிக்கடி நடக்கும். புதிதாக வாங்கும்போது பாக்கெட்டில் அச்சிட்ட '8கே' என்ற சொல்லை நம்பாதீர்கள். டிஸ்பிளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று பெற்ற கேபிளா என்று பாருங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். நல்ல கேபிள் வாங்கினாலும் அந்தக் கார்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கார்டில்தான் கோளாறு என்றால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் இரண்டு திரைகளும் சேர்ந்து கறுக்கும், அல்லது விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையின்போது நடக்கும். கணினியில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், திரை கறுத்த அதே நேரத்தில் 4101 என்ற எண் பதிவாகியிருந்தால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. அப்போதும் முதலில் டிரைவரை நீக்கிப் புதிதாக நிறுவிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கார்டு.

மானிட்டர்தான் பழுது என்று தெரிந்தால் பில்லை எடுத்து வாரண்டி தேதியைப் பாருங்கள். பல நிறுவனங்கள் 3 ஆண்டு தருகின்றன. விட்டு விட்டு வரும் கோளாறு, சர்வீஸ் ஆள் வரும் நேரத்தில் வராது. அதனால் திரை கறுப்பதைத் தேதி தெரியும்படி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கடைக்காரர் கார்டு போய்விட்டது என்று சொன்னதை எழுத்தில் கேளுங்கள். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கார்டுக்கும் வாரண்டி இருந்து அதை மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம்.