முன்பணம் கட்டினால் இதயவியல் சீட்டு கிடைக்குமா?

கேள்வி: என் மகள் சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். இதய மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போதே 5 லட்சம் முன்பணம் கட்டினால், பின்னாளில் டி.எம். இதயவியல் என்ற உயர்சிறப்புப் படிப்புக்கான சீட்டை மேனேஜ்மென்ட் கோட்டாவில் முடித்துத் தருவதாகத் தெரிந்தவர் மூலம் வந்த ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். இல்லையென்றால் ஒரு வருட ஃபெலோஷிப் போதும், இதய மருத்துவர் என்று போர்டு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். கட்டலாமா? – பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

டி.எம். இதயவியலில் மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று கிடையாது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதுவாக இருந்தாலும் உயர்சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். தேர்வு எழுதி, ரேங்க் வாங்கி, மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.) நடத்தும் ஆன்லைன் கலந்தாய்வு வழியாகத்தான் உள்ளே போக முடியும். எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்குத் தனித் தேர்வு. அங்கேயும் ரேங்க்தான்.

பிறகு ஏன் படித்தவர்களே ஏமாறுகிறார்கள்? டி.எம்.முக்கு முந்தைய முதுநிலைப் படிப்பான எம்.டி.யில் தனியார் கல்லூரிகளில் மேனேஜ்மென்ட் கோட்டா நிஜமாகவே இருக்கிறது. அதற்கும் முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. மதிப்பெண் வேண்டும், ஆனால் கோட்டா உண்டு. அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டமான டி.எம்.முக்கும் அதே கதையைச் சொல்லிவிடுகிறார்கள். பத்துக் குடும்பத்திடம் பணம் வாங்கினால் இரண்டு பிள்ளைகளாவது சொந்த முயற்சியில் சீட்டு வாங்கிவிடும். அந்த இருவரின் பணம் புரோக்கருக்கு. மற்ற எட்டுப் பேருக்கு "அடுத்த ரவுண்டு பார்க்கலாம்". ஒரு தகப்பனார் என் அறைக்கு இனிப்போடு வந்தார். மகனுக்கு நல்ல ரேங்க், கலந்தாய்வில் தானாக வந்த இடம். அவரோ கடைசி வரை புரோக்கர்தான் வாங்கிக் கொடுத்தார் என்றே நம்பினார். பையன் இரண்டு வருடம் தூங்காமல் படித்ததை நான் கண்ணால் பார்த்தவன். எனக்கு வயிறு எரிந்தது.

சரி, உண்மையான வழி என்ன? நீட் பி.ஜி. எழுதி மூன்று வருடம் எம்.டி. பொது மருத்துவம். அப்புறம் நீட் எஸ்.எஸ். எழுதி மூன்று வருடம் டி.எம். அல்லது அதற்கு இணையான, தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.ஆர்.என்.பி. பட்டம். இதய அறுவை மருத்துவராக வேண்டுமென்றால் பாதை வேறு, அதை இங்கே விடுகிறேன். உங்கள் மகளுக்கு எல்லாம் தடங்கலின்றி நடந்தால் 31, 32 வயதில் கையில் பட்டம் இருக்கும். வயது போகிறதே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அதைத்தான் இவர்கள் விற்கிறார்கள்.

அந்தக் கவலைக்கு நம் அமைப்பும் ஒரு காரணம். 2024-இல் நீட் பி.ஜி. தேர்வை முந்தின நாள் இரவு தள்ளிவைத்தார்கள். ஊர் விட்டு ஊர் போய் லாட்ஜில் தங்கியிருந்த பிள்ளைகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். 2024-க்கான நீட் எஸ்.எஸ். 2025 மார்ச் கடைசியில்தான் நடந்தது. தேதியே நிச்சயமில்லாத இடத்தில் "நான் நிச்சயம்" என்று ஒருவன் வந்தால் பெற்றோர் மனம் சாயத்தானே செய்யும்?

ஃபெலோஷிப் விஷயம். டி.எம். முடித்தவர் குழந்தை இதயம், இதயத்துடிப்புக் கோளாறு என்று ஒரு பிரிவில் கூடுதலாகப் பயில்வது நல்ல ஃபெலோஷிப். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஒரு வருடம் எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கக் கற்றுக்கொடுத்து, தங்க முத்திரை போட்ட சான்றிதழ் தருவது வேறு. அதை வைத்துக்கொண்டு இதய நிபுணர் என்று போர்டு போட முடியாது. இக்னோ 2006-இல் இதயவியலில் இரண்டு வருட டிப்ளமோ தொடங்கியது. அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அது. பயிற்சி கொடுத்தவை பெரிய மருத்துவமனைகள். அப்படியும் மருத்துவக் கவுன்சில் அதை ஏற்கவில்லை. படித்து முடித்தவர்கள் அங்கீகாரத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தார்கள். அதற்கே அந்தக் கதி.

டி.எம். மூன்று வருடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், ஒரு வருடச் சான்றிதழ் ஏன் போதாது என்பது இன்னும் புரியும். இரவு 2 மணிக்கு மாரடைப்போடு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். ஈய அங்கியை மாட்டிக்கொண்டு இதய ரத்தக் குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் அறையான கேத் லேபில் நிற்க வேண்டும். மணிக்கட்டுத் தமனியில் ஊசி ஏற்றி, அடைப்பைத் திறந்து, 90 நிமிடத்துக்குள் ரத்தம் ஓட வைக்க வேண்டும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு அந்தத் தமனி விரலுக்கு அடியில் நழுவி ஓடும். நூறு, இருநூறு கைகளைத் தொட்ட பிறகுதான் ஊசி சொன்ன இடத்தில் நிற்கும். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் வருகிற நோயாளிக் கூட்டம்தான் அதைக் கற்றுக்கொடுக்கும்.

உண்மையான விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அதை எந்த புரோக்கரும் சொல்ல மாட்டார், அதில் அவருக்குக் கமிஷன் இல்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்புப் படிப்பு இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. 2020 நவம்பரில் அரசாணை வந்தது. அந்த வருடம் உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 2022 மார்ச்சில் அனுமதித்தது. உங்கள் மகள் அரசு மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் எம்.ஆர்.பி. வாரியத்தின் தேர்வு எழுதி அரசு மருத்துவராகச் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, அங்கிருந்து எம்.டி., அப்புறம் டி.எம். என்று போகலாம். நீட் எஸ்.எஸ். கட்டாயம் எழுத வேண்டும், தேர்ச்சியும் வேண்டும். ஆனால் போட்டி நம் மாநில அரசு மருத்துவர்களுக்குள் மட்டும். படித்து முடித்தபின் ஓய்வு பெறும் வரை அரசுப் பணியில் இருப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். எனவே தனியாரில் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள். அரசு மருத்துவமனையில்தான் வாழ்க்கை என்று மகள் சொன்னால், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

எம்.சி.சி. கலந்தாய்வுக்குப் போகும்போது ஒன்று கவனியுங்கள். 2 லட்சம் வைப்புத்தொகை கட்ட வேண்டும். விதிப்படி நடந்துகொண்டால் திரும்பி வரும். இடம் வாங்கிச் சேராமல் விட்டால் போய்விடும். இதயவியல் கிடைக்கவில்லை என்று வேறு துறையில் ஒப்புக்குச் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் மாறலாம் என்றும் நினைக்க வேண்டாம். சேர்ந்தபின் விட்டு விலகினாலும் அந்தப் படிப்புக் காலம் முடியும் வரை நீட் எஸ்.எஸ். தேர்வு எழுத முடியாது.

மகளின் அசல் சான்றிதழ் எதையாவது அந்தக் கன்சல்டன்டிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள். தராமல் இழுத்தடித்தால் வேப்பேரியில் காவல் ஆணையர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவு இருக்கிறது. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.