கொலுசுப் பட்டறைக் கணக்குக்கு அணிகள் உதவுமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாடல்கள், வாராவாரம் ஆர்டர் மாறும். வெள்ளி எவ்வளவு, சலங்கை எத்தனை என்று முதலாளி கேட்டால் சொல்வதற்குள் அரை நாள் போய்விடுகிறது. பிளஸ் டூ கணக்கில் படித்த அணிகள் (மேட்ரிக்ஸ், எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்குவது) இதற்கு உதவுமா? எங்கே தொடங்குவது?

பதில்: கண்டிப்பாக உதவும். ஆனால் பழைய பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். உங்கள் ஆர்டர் நோட்டிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு ஜோடிக்கு முதல் மாடல் 60 கிராம் வெள்ளி, 20 சலங்கை. இரண்டாவது 100 கிராம், 30. மூன்றாவது 150 கிராம், 50 என்று வைத்துக்கொள்வோம். இது மூன்று நிரை (படுக்கை வரிசை), இரண்டு நிரல் (செங்குத்து வரிசை) கொண்ட அணி. இந்த வார ஆர்டர் 40, 25, 10 ஜோடி. அதை ஒரே நிரையாக எழுதி, அந்த அணியின் இடப்பக்கம் வைத்துப் பெருக்குங்கள். வெள்ளிக்கு 2400 + 2500 + 1500, ஆக 6400 கிராம். சலங்கைக்கு 800 + 750 + 500, ஆக 2050. அடுத்த வார ஆர்டரை கீழே இன்னொரு நிரையாகச் சேர்த்தால் இரண்டு வாரத்துக்கும் விடை ஒன்றாக வந்துவிடும்.

வலப்பக்கம் விலை நிரலை வைத்துப் பெருக்கினால் பணக்கணக்கும் முடிந்தது. காலையில் வெள்ளி விலை மாறினால் ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இப்படி அடுத்தடுத்து வரும் கணக்குகளை ஒன்றாகக் கோக்கத்தான் பெருக்கல் நிரைக்கு நிரல் என்று அமைந்திருக்கிறது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆர்தர் கேய்லி 1858-இல் இதை முறையாக எழுதி வைத்தார்.

இரண்டு வாரம் கையால் போட்டுப் பழகுங்கள். அப்புறம் எக்செலில் அணிகளைப் பெருக்கும் 'எம்மல்ட்' (MMULT) ஃபார்முலாவுக்குப் போகலாம். பழைய எக்செல் என்றால், விடைக்கான கட்டங்களை முதலில் தேர்ந்தெடுத்து, ஃபார்முலாவை அடித்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

நேர்மாறு அணி (பெருக்கலைத் திருப்பிப் போட உதவும் அணி), அணிக்கோவை (ஓர் அணிக்கு நேர்மாறு உண்டா என்று சொல்லும் எண்) எல்லாம் உருக்கும் வேலைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். டச் என்பது நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற அளவு. 90 டச், 65 டச் வெள்ளிகளைக் கலந்து ஒரு கிலோ 80 டச் வேண்டும் என்றால் இரண்டு சமன்பாடுகள்: ஒன்று மொத்த எடைக்கு, ஒன்று சுத்த வெள்ளிக்கு. விடை 600 கிராம், 400 கிராம். உருக்கும்போது போகும் சேதாரம் தனி. இரண்டு கட்டியும் ஒரே டச் என்றால் அணிக்கோவை பூஜ்ஜியம், நேர்மாறு கிடையாது. ஒரே டச் வெள்ளி இரண்டைக் கலந்து வேறு டச் எடுக்க முடியாது என்று உங்கள் பட்டறை ஆசாரிக்குத் தெரிந்ததைத்தான் அந்தப் பூஜ்ஜியமும் சொல்கிறது.