முதல் கியர் வண்டியே கிளாசிக் 350 ஆக இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. தேனிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வேலை தேனி டவுனில். மூன்று வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். கியர் வண்டி ஓட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை, அதிலும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மேல்தான் கண். உயரம் 5 அடி 1 அங்குலம். அண்ணன், "யமஹா ஆர்15 எடு, அதுதான் வெயிட் கம்மி" என்கிறான். அப்பா, "பொம்பளப் பிள்ளைக்குக் கியர் வண்டி எதுக்கு?" என்று ஒரே பிடிவாதம். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது, மீதிக்கு லோன் போடலாம். எதை வாங்கட்டும்?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: கிளாசிக் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் 100 அல்லது 125 சிசி வண்டி ஒன்றை, ஸ்ப்ளெண்டர், ஷைன், ரைடர் மாதிரி எதையாவது, செகண்ட் ஹேண்டில் எடுத்து ஒரு வருடம் நன்றாக ஓட்டுங்கள். லோன் வேண்டாம், கையில் இருக்கும் பணத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். பெண் என்பதால் சின்ன வண்டி சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், உங்கள் அண்ணன் முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறார் என்றாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

காரணம் எடை. கிளாசிக் 350 பெட்ரோலோடு சேர்த்து 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. இப்போது நீங்கள் ஓட்டும் ஸ்கூட்டரும் கிட்டத்தட்ட 105, 110 கிலோதான் இருக்கும், அந்த எடையைத் தாங்கவும் தள்ளவும் சாய்ந்தால் நிமிர்த்தவும் உங்கள் உடம்புக்கு ஏற்கனவே தெரியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எடை ஒரு பிரச்சினையே இல்லை, 195 கிலோவும் இறகு மாதிரிதான் போகும். நடக்கிற வேகத்தில்தான் சிக்கல்: சந்துக்குள் யூ டர்ன் அடிக்கும்போது, மேடான இடத்தில் நின்று கிளம்பும்போது, பார்க்கிங்கில் சரளைக் கல்லில் பின்னால் தள்ளும்போது. கிளட்சை விடத் தெரியாமல் வண்டி ஆஃப் ஆகிற அந்த ஒரு நொடியில் வண்டி ஒரு பக்கம் சாயும், 112 கிலோ என்றால் காலை ஊன்றிப் பிடித்துவிடலாம், 195 கிலோவைப் பிடிக்கப் போனால் முட்டியோ கணுக்காலோ போய்விடும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு வண்டி ஆஃப் ஆவது தினமும் நடக்கிற விஷயம்.

அடுத்து சீட் உயரம். ஸ்ப்ளெண்டர் 785 மில்லிமீட்டர், ரைடர் 780, கிளாசிக் 805, ஆர்15 815. இந்த எண்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் இன்னும் எட்டாமல் போகும். ஷோரூமுக்குப் போய், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பையோ ஷூவையோ போட்டபடியே ஏறி உட்காருங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியாவது தரையில் நன்றாக அழுந்த வேண்டும். உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னால் நாலடி தள்ளிப் பாருங்கள், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். இவ்வளவையும் யார் உதவியும் இல்லாமல் செய்ய முடிகிற வண்டிதான் உங்கள் முதல் வண்டி.

அண்ணன் சொல்லும் ஆர்15 நல்ல வண்டி, கிளாசிக்கைவிட எடை குறைவு என்பதும் உண்மை. ஆனால் சீட் உயரம், உட்காரும்போது முன்னால் குனிந்து மணிக்கட்டில் பாரம் விழும், ஹேண்டில் அதிகம் திரும்பாது என்பதால் யூ டர்னுக்குப் பெரிய இடம் வேண்டும். 155 சிசியில் 18 குதிரைத்திறனுக்கு மேல் தருகிற எஞ்சின் அது, ஸ்ப்ளெண்டர் தருவது சுமார் 8. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை ஒரு கால் அங்குலம் கூடுதலாகத் திருகிவிட்டால் ஸ்ப்ளெண்டர் பொறுத்துக்கொள்ளும். தவிர ஆர்15-ன் செயின் மூடப்படாமல் வெளியே தெரியும், சுடிதார் போட்டு ஓட்டுவீர்கள் என்றால் துப்பட்டா சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் செயினுக்கு முழு மூடி உண்டு. எந்த வண்டியானாலும் துப்பட்டாவை முன்பக்கமாக இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது பையில் வைத்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், வண்டி எது என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மூன்று வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய உங்கள் இடது கைக்கு, குறுக்கே நாய் வந்தால் லீவரைப் பிடிக்க வேண்டும் என்று பழகிப் போயிருக்கும், ஏனென்றால் ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக். கியர் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பயத்தில் அதை அழுத்தினால் வண்டி நிற்காது, எஞ்சினின் பிடியும் விட்டுப்போய் இன்னும் சுலபமாக உருண்டு ஓடும். பின் பிரேக் வலது காலுக்குப் போய்விட்டது, அந்தக் காலோ மூன்று வருடமாகச் சும்மா இருந்த கால்! புதிதாகக் கற்பவருக்கு இல்லாத ஒரு ஆபத்து, ஸ்கூட்டர் நன்றாக ஓட்டுகிறவருக்கு இருக்கிறது. அதனால் முதல் சில வாரம் காலி மைதானத்தில் நேராக 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், வலது கையும் வலது காலும் சேர்ந்து பிரேக் பிடித்து நிறுத்துவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும், மணலில் அதைத் தொடவே யோசிக்க வேண்டும். யோசிக்காமலே கை கால் சரியாக வேலை செய்கிற வரை தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தையும் பாருங்கள். உங்களுடையதில் கியர் இல்லாத வண்டி என்று மட்டும் இருந்தால் அதை வைத்துக் கியர் வண்டி ஓட்டக் கூடாது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் பிரச்சினை வரும். கியர் வண்டிக்குத் தனியாக எல்எல்ஆர் போட்டு, 30 நாள் கழித்து ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போட்டுக் காட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், அவசரப்பட வேண்டாம். அதுவரை எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள அண்ணனை மட்டும் பின்னால் உட்கார வைத்துப் பழகுங்கள். எட்டு போடும்போது கால் ஊன்றக் கூடாது, அதற்கும் லேசான வண்டிதான் கைகொடுக்கும்.

ஐரோப்பிய நாடுகளில் 18 வயதில் நினைத்த பைக்கை எடுத்துவிட முடியாது. முதலில் 125 சிசி, அப்புறம் நடுத்தரம், அதன் பிறகுதான் பெரிய வண்டி என்று லைசென்ஸிலேயே படி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஸ்ப்ளெண்டரில் எட்டு போட்டு வாங்கிய அதே லைசென்ஸோடு மறுநாளே 1000 சிசி வண்டி ஓட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தப் படிகளை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் தேடும்போது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டியாகப் பாருங்கள். எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், ஏற்கனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, ஹேண்டில் நேராக இருக்கிறதா, செயின் மாட்டும் சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருக்கிறதா என்று ஊர் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும், பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் தெரியும். லோன் முடிந்த வண்டி என்றால், ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்கும் படிவம் 35-ம், பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி.யும் கேளுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றிவிடுங்கள், "அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

80,000-ல் ஐயாயிரமாவது ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ இவற்றுக்கு ஒதுக்குங்கள். முகத்தை முழுதும் மூடுகிற ஐஎஸ்ஐ ஹெல்மெட், தலையை ஆட்டினால் ஆடாத அளவு, தாடைப் பட்டை எப்போதும் மாட்டியிருக்க வேண்டும்.

அப்பா சொல்வது எனக்கு ஏற்பில்லை. வண்டிக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் அவருடைய பிடிவாதத்துக்குள் மகள் விழுந்துவிடுவாளோ என்ற பயம் கொஞ்சம் இருக்கலாம், வாதாடி அதை மாற்ற முடியாது. மைதானத்தில் நீங்கள் பிரேக் பிடித்துப் பழகுவதை ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் வந்ததும் அவரைப் பின்னால் உட்கார வைத்து மெதுவாக ஒரு ரவுண்டு போய் வாருங்கள்.

கிளாசிக்குக்கு எப்போது மாறலாம்? மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும், குறுகலான ரோட்டில் கால் ஊன்றாமல் திரும்ப வேண்டும், உங்கள் பக்கத்து ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டியை நேராக வைத்திருக்க வேண்டும், போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் முன்கூட்டியே கியரைக் குறைத்து நிதானமாக ஏறி இறங்க வேண்டும். இதெல்லாம் வந்துவிட்டால் தாராளமாகப் போய் டெஸ்ட் ரைடு கேளுங்கள், இரண்டு ரவுண்டு மெயின் ரோட்டில் விரட்டிவிட்டு வந்துவிடாமல் யூ டர்ன் அடித்துப் பாருங்கள், பார்க்கிங்கில் தள்ளிப் பாருங்கள். ஸ்ப்ளெண்டரை விற்கிற கவலை வேண்டாம், நம் ஊரில் அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது.