நிறக்குருடு இருந்தால் ரத்த நோயும் வருமா?

கேள்வி: என் அம்மாவின் தம்பிக்கு ஹீமோஃபீலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். சிவப்பு, பச்சை வித்தியாசமும் அவருக்குத் தெரியாது. இப்போது என் ஒன்பது வயது மகனும் ரோபோவில் (சாலை சிக்னல் விளக்கில்) எது சிவப்பு, எது பச்சை என்று தடுமாறுகிறான். அவனுக்கும் ரத்த நோய் இருக்குமோ? இதற்கு நடுவில் என் தங்கைக்கு அந்த மாமாவின் மகனையே பேசுகிறார்கள்.
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முதலில் உங்கள் அப்பாவுக்கு நிறம் சரியாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். பாதி விடை அவரிடம்தான் இருக்கிறது.

ரத்தம் உறைய உதவும் காரணி 8 என்ற புரதத்துக்கான மரபணுவும் (இது பழுதானால் வருவதுதான் ஹீமோஃபீலியா ஏ), சிவப்பு, பச்சை நிறங்களைப் பார்க்க உதவும் மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அம்மாவின் இரண்டு எக்ஸும் கருமுட்டை உருவாகும்போது துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஆனால் சீட்டுக்கட்டை வெட்டும்போது அடுத்தடுத்த இரண்டு சீட்டு பிரிவது அபூர்வம்தானே, அதுபோல இவையும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். 1937இல் மரபியல் அறிஞர்கள் ஜூலியா பெல்லும் ஹால்டேனும் குடும்பங்களை ஆராய்ந்து இந்தப் பிணைப்பைக் காட்டினார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். ஆணுக்கு ஒரே எக்ஸ்தான், அது அம்மாவிடமிருந்து வருவது. உங்களுக்கு நிறம் நன்றாகத் தெரிகிறது என்றால், உங்கள் இரண்டு எக்ஸில் ஒன்றில் மட்டும்தான் நிறக்குறை இருக்க வேண்டும். அப்பா நிறக்குருடு என்றால் அந்தக் குறை அவர் கொடுத்த எக்ஸில் வந்தது, பையனுக்குப் போனதும் அதுதான், மாமாவின் ரத்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவுக்கும் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் நிறம் சரியாகத் தெரியும் என்றால்தான் கவலை, ஏனென்றால் அப்போது மாமாவிடம் உள்ள அதே எக்ஸ் பையனிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார வேண்டாம், காரணி 8 அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஒரே குடும்பத்தில் நோயின் கடுமையும் பொதுவாக ஒரே மாதிரி இருக்கும். மாமாவுக்குக் கடுமையான வகை, பையனோ ஒன்பது வயது வரை மூட்டு வீங்காமல் ஓடியாடி விளையாடுகிறான் என்றால் அது நல்ல செய்தி. லேசான வகைதான் ஒளிந்திருந்து பல் பிடுங்கும்போது தலை காட்டும். முடிவு தெரியும் வரை ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், பல் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தங்கை. மாமா தன் மகனுக்குக் கொடுத்தது ஒய் குரோமோசோம், அவனுடைய எக்ஸ் மாமியிடமிருந்து வந்தது. ஆகவே மாமாவின் ஹீமோஃபீலியா அவனிடம் இல்லை. தங்கை அந்த மரபணுவைச் சுமக்கிறாள் என்றால் யாரைக் கட்டினாலும் பிறக்கும் மகனுக்கு நோய் வர ஒரே அளவு வாய்ப்புதான், மாப்பிள்ளை சொந்தமா அசலா என்பதால் அது மாறாது. சொந்தத்தில் கட்டுவதன் ஆபத்து வேறு வகை நோய்களில், அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால் வருபவற்றில். எப்படியானாலும் தங்கையும் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், சுமக்கும் பெண்கள் சிலருக்கே காரணி குறைவாக இருந்து பிரசவத்தில் ரத்தம் அதிகம் போவதுண்டு.