ஈர்ப்பு அலைத் தரவும் மெஷின் லேர்னிங்கும்: கேட்டதற்குப் பதில்கள்

உசிலம்பட்டி பி.எஸ்சி. மாணவி: அக்கா, ஐன்ஸ்டைன் சமன்பாடு இருக்கும்போது மெஷின் லேர்னிங் எதற்கு?

நல்ல கேள்விம்மா. சமன்பாடு இருப்பதால்தான் இரண்டு கருந்துளைகள் மோதினால் ஈர்ப்பு அலை, அதாவது காலவெளியில் பரவும் நடுக்கம், எப்படி வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த வடிவத்தைத் தரவோடு ஒட்டிப் பார்க்க முடிகிறது. துரந்தர், சத்யபிரகாஷ் போன்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலேயே இதற்கு அடித்தளம் போட்டவர்கள். ஆனால் இரைச்சலுக்குச் சமன்பாடு கிடையாது. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் உள்ள லைகோ (LIGO) போல, 4 கி.மீ. நீளக் கையில் புரோட்டானின் நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய அசைவை அளக்கும் கருவியில் காற்று, நிலநடுக்கம், லாரி எல்லாமே பதிவாகும். 2017 ஆகஸ்ட் 17 அன்று நியூட்ரான் விண்மீன்கள் இணைவதற்குச் சுமார் ஒரு நொடி முன்பு அந்த இரண்டில் ஒன்றான லிவிங்ஸ்டன் கருவியில் பெரிய கிளிட்ச் (திடீர் இரைச்சல்) ஒன்று வந்து குறுக்கே விழுந்தது. இந்தக் கிளிட்சுகளை வகை பிரிப்பது, தரவைப் பார்த்துக் கணினியே கற்கும் மெஷின் லேர்னிங்குக்கு ஏற்ற வேலை.

தெப்பக்குளம் வாசகர்: பைத்தான் எங்கே படிக்கலாம்?

இந்த வேலைக்கான நிரல் மொழிதானே, எங்கே வேண்டுமானாலும். கூடவே புள்ளியியல் படியுங்கள்.

திருமங்கலம் மென்பொருள் பொறியாளர்: மேடம், தரவில் அலை இருக்கிறதா என்று என் மெஷின் லேர்னிங் மாடல் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. இதைக் கண்டுபிடிப்புக்குப் பயன்படுத்தலாமா?

சதவீதத்தை நம்பாதீர்கள். தரவை ஒரு நொடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு நாளைக்கு 86,400 துண்டு, வெறும் இரைச்சலில் நூற்றுக்கு ஒன்று தவறினாலே தினமும் 864 பொய் அலாரம். 2015 செப்டம்பரில் வந்த முதல் அலைக்கு, இப்படியொன்று தற்செயலாக வர 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வாய்ப்பில்லை என்று காட்டினார்கள். எப்படி? ஒளி இரண்டு லைகோ கருவிகளுக்கு இடையே போக 10 மில்லிநொடி ஆகும், ஈர்ப்பு அலையும் அதே வேகத்தில்தான் வரும், அதைவிட அதிகமாக ஒரு கருவியின் தரவை நகர்த்தி வைத்துத் தேடினால் கிடைக்கும் ஜோடி எல்லாமே தற்செயல்தான், அதை எண்ணிவிடலாம்.

மேலூர் பேராசிரியர்: அதனால்தான் சொல்கிறேன், உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாத கருப்புப் பெட்டி இயற்பியலுக்கு ஆகாது.

திருமங்கலம்: வேகத்தைப் பாருங்கள் சார், பழைய முறைக்கு நாள்கணக்கு ஆகிறதே!

ஐயா, நகர்த்தி எண்ணும் சோதனைக்குப் பெட்டியின் நிறம் முக்கியமில்லை, எந்த முறையையும் அதில் நிறுத்திப் பார்க்கலாம், அதனால் உங்கள் மறுப்பை முழுதாக ஏற்க மாட்டேன். தம்பி, வேகம் உண்மைதான். மோதியவற்றின் நிறை, தொலைவு போன்றவற்றைக் கணிக்க மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் ஓடிய வேலையை நியூரல் நெட்வொர்க் என்ற மெஷின் லேர்னிங் முறை நிமிடங்களுக்குள் முடிக்கிறது. ஆனால் அந்த விடையைப் பழைய சமன்பாட்டோடு திரும்பச் சரிபார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் காட்டினால் ஏற்க முடியாது.

வாடிப்பட்டி வாசகர்: இந்த ஈர்ப்பு அலைக் கருவிதானே தேனியில் வருவதாகச் சொன்னது?

இல்லை, அது நியூட்ரினோ ஆய்வகம். ஈர்ப்பு அலைக்கான லைகோ-இந்தியா மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில்.

சோழவந்தான் மாணவர்: பைத்தான் கோர்ஸ் எது நல்லது?

மேலே பாருங்கள்.

உசிலம்பட்டி மாணவி: அக்கா, நான் எங்கிருந்து தொடங்க?

லைகோ தரவு பொதுவில் கிடக்கிறது, காசு வேண்டாம், சாதாரண லேப்டாப் போதும். அந்த ஆகஸ்ட் 17 தரவை இறக்கி, முதலில் கிளிட்சை உன் கண்ணால் பார். எம்.எஸ்சி. முடித்ததும் புனே ஐயூகா (IUCAA), பெங்களூரு ஐசிடிஎஸ் (ICTS) ஆகிய இரண்டு ஆய்வு நிறுவனங்களையும் விசாரி. மாடல் எழுதினால் சதவீதத்தோடு வராதேம்மா, ஒரு நாளைக்கு எத்தனை பொய் அலாரம் என்று எண்ணிக்கொண்டு வா.